பனியன் துணியில் ஓவர்சைஸ் ஜாக்கெட்: பேட்டர்ன் வாங்குவது முதல் பட்டன் வைப்பது வரை

இணையத்தில் ஒரு பேட்டர்ன் (வெட்டும் அளவுக்கு வரைந்த துண்டுப் படங்கள்) வாங்கி, பனியன் துணியில் ஓவர்சைஸ் ஜாக்கெட் தைக்கலாம் என்று இறங்குகிறவர்கள் தையலில் மாட்டிக்கொள்வது குறைவு. அளவுப் பட்டியலைப் படிப்பதில், அச்செடுப்பதில், கிலோக் கணக்கில் துணி வாங்குவதில், துவைத்தபின் துணி சுருங்குவதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. பேட்டர்னோடு வரும் குறிப்புகள் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர் ஜெராக்ஸ் கடையும் திருப்பூர்த் துணியும் வீட்டு மிதி மெஷினும் அவற்றில் எங்கும் வராது. கேட்கவும் ஆள் இல்லாமல் நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிளவுஸ், சுடிதார் தைத்துப் பழகியவர்களுக்கு, ஆனால் இழுபடும் துணியைத் தொட்டே இராதவர்களுக்கு இந்தக் கட்டுரை. நான் எடுத்துக்கொண்டிருப்பது தோள் இறங்கிய, முன்பக்கம் முழுக்கத் திறக்கும், முன் ஓரங்களிலும் பின்கழுத்திலும் ஓடும் நீளப் பட்டி வைத்த ஜாக்கெட். இரண்டு ஒட்டுப் பை, கை நுனியிலும் அடியிலும் ரிப் (வரிவரியாக, நன்றாக இழுபடும் பின்னல் துணி). முதல் பனியன் துணி வேலைக்கு இது நல்ல தேர்வு. உடம்பை ஒட்டாமல் லூஸாக நிற்பதால் தையலில் இழுப்பு குறைவு. சின்னச் சின்னக் குறைகள் வெளியே தெரியாது. ஜிப் வைத்த மாடலை முதல் தடவை எடுக்காதீர்கள். இழுபடும் துணியில் இழுபடாத ஜிப்பைப் பொருத்துவது தனி வேலை.

1. பேட்டர்னுக்குப் பணம் கட்டுமுன் நான்கு விஷயம் பாருங்கள்

மாடல் போட்டிருக்கும் புகைப்படத்தை நம்ப வேண்டாம். விற்பனைப் பக்கத்தில் கோட்டுப் படம் ஒன்று இருக்கும். தோள் எங்கே முடிகிறது, பட்டி தனித் துண்டா, பை எப்படி என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அதோடு உடல் அளவுப் பட்டியல், தைத்து முடித்த உடையின் அளவுப் பட்டியல், துணித் தேவைப் பட்டியல் மூன்றும் வெளியிலேயே தெரிய வேண்டும். தைத்து முடித்த அளவு கொடுக்காத பேட்டர்னை வாங்காதீர்கள். ஓவர்சைஸ் உடைக்கு அதுதான் முக்கியமான தாள்.

தையலுக்கு விடும் இடம் சேர்த்து வரைந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. பர்தா (Burda) என்ற ஜெர்மன் தையல் பத்திரிகையில் வரும் பேட்டர்ன்களில் அது சேர்ந்திருக்காது, நாம்தான் வரைய வேண்டும். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் போன்ற நிறுவனங்களின் பேட்டர்ன்களில் பொதுவாக ஒன்றரை சென்டிமீட்டர் சேர்ந்தே வரும். பனியன் துணிக்கென்றே தனியாகப் பேட்டர்ன் போடுகிறவர்கள் பலர் ஒரு சென்டிமீட்டர்தான் விடுகிறார்கள். ஒன்று என்று இருப்பதை ஒன்றரையாகத் தைத்தால் கை பொருந்தாது, பட்டியும் பொருந்தாது.

வெளிநாட்டுத் தளம் என்றால் நம் டெபிட் கார்டு முதல் முயற்சியில் வேலை செய்யாமல் போகலாம். வங்கிச் செயலியில் பன்னாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி, சின்னத் தொகையாக வரம்பு வைத்து, பணம் கட்டியதும் திரும்ப அணைத்துவிடுங்கள். கோப்பு வந்ததும் மின்னஞ்சலிலும் கணினியிலும் ஒரு நகல் வையுங்கள். சில தளங்களில் பதிவிறக்க இணைப்பு கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும். பெரும்பாலான பேட்டர்ன்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருகின்றன. வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது அதை வரைந்தவர் உழைப்பைப் பறிப்பதாகும். தைத்து விற்கும் எண்ணம் இருந்தால் உரிமக் குறிப்பை முழுதாகப் படித்துவிடுங்கள்.

2. அளவு: நெஞ்சைப் பாருங்கள், அப்புறம் கையைப் பாருங்கள்

ஓவர்சைஸ்தானே என்று ஒரு அளவு பெரிதாக எடுப்பவர்களும் உண்டு, பயந்து இரண்டு அளவு சிறிதாக எடுப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். லூஸ் ஏற்கெனவே பேட்டர்னுக்குள் இருக்கிறது. உங்கள் நெஞ்சளவு 38 அங்குலம், அந்த அளவுக்கான முடிந்த உடை 50 அங்குலம் என்றால் 12 அங்குல லூஸ் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு வேண்டுமா என்று முடிவு செய்ய எளிய வழி, வீட்டில் இருக்கிற, உங்களுக்குப் பிடித்த தொளதொளப்பான சட்டையைத் தரையில் பரப்பி, அக்குளுக்குக் கீழே குறுக்கே அளந்து இரட்டிப்பாக்கிப் பார்ப்பது. அது 46 வந்து உங்களுக்கு அதுவே போதும் என்றால் ஒரு அளவு இறங்கலாம்.

இறங்கிய தோளில் ஏமாற்றுவது கை நீளம். பேட்டர்னில் கைத் துண்டு குட்டையாகத் தெரியும், ஏனென்றால் தோள் பாகம் மேற்கையில் பாதி தூரம் வந்துவிடுகிறது. அதனால் கையைத் தனியாக அளந்து பயனில்லை. பின்கழுத்து எலும்பில் டேப்பை வைத்து, தோள் வழியாக, முழங்கையைச் சற்று மடக்கிய நிலையில் மணிக்கட்டு வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அது 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பேட்டர்னில் பின்பாகத்தின் நடுக்கோட்டிலிருந்து தோள் நுனி வரை 31, கை 44, ரிப் 7, மொத்தம் 82 வந்தால் ஏழு சென்டிமீட்டர் அதிகம். மூன்று நான்கு சென்டிமீட்டர் அதிகமாக இருப்பது நல்லது, கை ரிப்புக்கு மேல் அழகாகச் சரிந்து நிற்கும். மீதியைக் குறையுங்கள். கூட்டும்போது தையலுக்கு விட்ட இடத்தைக் கழிக்க மறக்க வேண்டாம்.

பர்தாவின் வழக்கமான பெண்கள் அளவுகள் 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரையப்பட்டவை. மற்ற பலரும் ஏறக்குறைய அந்த உயரத்தையே வைத்துக்கொள்கிறார்கள். ஐந்தடி ஒரு அங்குலம் இருப்பவர் அப்படியே தைத்தால் பை தொடைக்கு வந்துவிடும். பேட்டர்னில் நீட்டவும் குறைக்கவும் குறுக்கே இணைகோடுகள் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் காகிதத்தை மடித்துக் குறையுங்கள். அடியில் வெட்டிக் குறைத்தால் பையின் இடம் மாறாது, கையின் சரிவும் கெடும். முன்பாகத்தில் எவ்வளவு குறைத்தீர்களோ அதே அளவு பின்பாகத்திலும் பட்டியிலும் குறைய வேண்டும். பட்டியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

3. அச்செடுப்பது

வீட்டில் பிரின்டர் இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடைதான். கோப்பை ஆவணமாக அனுப்புங்கள், புகைப்படமாக மாற்றி அனுப்ப வேண்டாம். கடைக்காரர் பிரவுசரில் திறந்து பட்டனை அமுக்கினால், தாளுக்குள் அடங்கும்படி சில சதவீதம் சுருக்கித்தான் அச்சாகும். 'ஆக்சுவல் சைஸ், 100 சதவீதம்' என்று நின்று சொல்லி, முதலில் அளவு சரிபார்க்கும் சோதனைச் சதுரம் இருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்து, கையில் கொண்டுபோன ஸ்கேலால் அளந்துவிட்டு மற்ற பக்கங்களை எடுக்கச் சொல்லுங்கள். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் 125 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஜாக்கெட்டில் கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டர் போய்விடும்.

அளவுகள் தனித்தனி அடுக்காக (லேயர்) இருக்கும் கோப்பு என்றால் அக்ரோபாட் ரீடரில் திறந்து உங்கள் அளவை மட்டும் காட்டும்படி வைத்து அச்செடுங்கள். ஏழு எட்டுக் கோடுகளுக்கு நடுவில் நம் கோட்டைத் தேடிக் கண் வலிக்க வேண்டியதில்லை. ஏ4 தாளில் ஒரு ஜாக்கெட்டுக்கு முப்பது நாற்பது பக்கம் வரும். ஒட்ட ஒரு மாலை வேண்டும். கட்டட வரைபடம் அச்செடுக்கும் கடை பக்கத்தில் இருந்தால் ஏ0 கோப்பைக் கொண்டுபோங்கள். 84 க்கு 119 சென்டிமீட்டர் தாள், ஒட்டும் வேலையே கிடையாது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

4. எந்தத் துணி

ஜாக்கெட் நன்றாக வருமா வராதா என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. கடையில் 'பனியன் துணி' என்று மட்டும் கேட்டால் டி-ஷர்ட் துணியான சிங்கிள் ஜெர்சியை எடுத்துப் போடுவார்கள். 160, 180 ஜிஎஸ்எம்மில் அது ஜாக்கெட்டுக்குத் தாங்காது. தோளில் தொய்ந்து, ஓரத்தில் சுருண்டு, துவைக்கத் துவைக்கப் பக்கத் தையல் திருகிக்கொண்டு முன்னால் வரும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு.

கேட்க வேண்டியது லூப் நிட். வெளிப்பக்கம் வழுவழுப்பாகவும் உள்பக்கம் சின்னச் சின்ன வளையங்களாகவும் இருக்கும். வெளிநாட்டுப் பேட்டர்ன்களில் 'பிரெஞ்ச் டெர்ரி' என்று போட்டிருப்பது இதைத்தான். ஏசி அலுவலகத்துக்கும் கோவை, பெங்களூரு மார்கழிக்கும் 240 முதல் 280 ஜிஎஸ்எம் போதும். ஊட்டி, கொடைக்கானல், இல்லை வெளிநாட்டுக் குளிர் என்றால் 300க்கு மேல், உள்பக்கம் பஞ்சு எழுப்பிய ஃபிளீஸ் எடுங்கள். இன்டர்லாக்கில் 220க்கு மேல் கிடைத்தால் அதுவும் நல்ல துணிதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ஓரம் சுருளாது. முதல் தடவைக்கு வசதி.

துணி எவ்வளவு இழுபட வேண்டும் என்று பேட்டர்னில் சதவீதமாகப் போட்டிருக்கும். துணியைக் குறுக்கே மடித்து, மடிப்பில் பத்து சென்டிமீட்டரைப் பிடித்து, மிதமாக இழுங்கள். பன்னிரண்டரை வரை வந்தால் 25 சதவீதம். விட்டதும் பத்துக்கே திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாத துணியில் முழங்கை ஒரு மாதத்தில் பொம்மிவிடும்.

ரிப் தனியாக வாங்க வேண்டும். கைக்கும் அடிக்கும் லைக்ரா கலந்த ரிப்தான் நிற்கும். வெறும் பருத்தி ரிப் நாலு துவைப்பில் தளர்ந்துவிடும். பாடித் துணியும் ரிப்பும் ஒரே லாட் சாயமா என்று கேளுங்கள். கடை விளக்கில் ஒரே கறுப்பாகத் தெரிவது வெயிலில் ஒன்று நீலமாகவும் ஒன்று பழுப்பாகவும் இருக்கும். இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒத்த நிறம் கிடைக்காவிட்டால் துணிந்து வேறு நிற ரிப் எடுத்துவிடுவது நல்லது. கிட்டத்தட்ட ஒத்துப்போகிற நிறம்தான் கண்ணை உறுத்தும்.

ஸ்டாக் லாட்டில், அதாவது கம்பெனிகளில் மிஞ்சிய துணியில், மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் முழுத் துண்டையும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, நீளவாக்கில் ஓடும் ஊசிக் கோடு, குழாய்த் துணியின் இரண்டு பக்க மடிப்புத் தடம். இந்த மடிப்புத் தடம் இஸ்திரிக்கும் மசியாது. அதைத் தவிர்த்துத்தான் வெட்ட முடியும், எனவே துணி கூடுதலாக வேண்டும்.

5. மீட்டரைக் கிலோவாக மாற்றுவது

பேட்டர்ன் மீட்டரில் சொல்லும், கடை கிலோவில் விற்கும். கடைக்காரரிடம் இரண்டு எண் கேளுங்கள்: ஜிஎஸ்எம், டயா. குழாயாகப் பின்னிய துணியின் தட்டை அகலம்தான் டயா. வெட்டி விரித்தால் இரண்டு மடங்கு. 36 அங்குல டயா விரித்தால் 72 அங்குலம், அதாவது 1.83 மீட்டர். 280 ஜிஎஸ்எம்மை 1.83 ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 512 கிராம். சுமாராக ஒரு கிலோவுக்கு இரண்டு மீட்டர்.

பேட்டர்ன் ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் 2.2 மீட்டர் கேட்கிறது என்றால் 2.2 × 512, ஒரு கிலோ 126 கிராம். சுருக்கத்துக்கு ஏழு சதவீதம் சேர்த்தால் 1.2 கிலோ. நான் 1.25 கிலோ வாங்குவேன். நம் துணி அகலம் கூடுதல் என்பதால் கொஞ்சம் மிஞ்சும். சோதனைத் தையலுக்கும் பைக்கும் அது வேண்டும். ரிப் 250 கிராம் போதும்.

கடைக்காரர் சொன்ன ஜிஎஸ்எம் சரியா என்று வீட்டில் பார்க்கலாம். மொத்த எடையைக் கிராமில் போட்டு, நீளம் அகலம் இரண்டின் பெருக்குத்தொகையால் வகுத்தால் வந்துவிடும். பத்து இருபது வித்தியாசம் சகஜம். ஐம்பது குறைந்தால் அது வேறு துணி.

6. வெட்டுமுன் துவைக்க வேண்டும்

இதைத் தாண்டிப் போகவே முடியாது. ஒரு கடையில் 'காம்பாக்டிங் (முன்கூட்டியே சுருக்கி அடக்குவது) பண்ணின துணி, ஒரு இன்ச்கூடச் சுருங்காது' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதில் நான் குறித்து வைத்த 50 சென்டிமீட்டர் சதுரம் துவைத்தபின் நீளவாக்கில் 47க்கு வந்தது. ஆறு சதவீதம். எழுபது சென்டிமீட்டர் நீள ஜாக்கெட்டில் அது நான்கு சென்டிமீட்டருக்கு மேல்.

நீங்களும் துணியின் நடுவில் வேறு நிற நூலால் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று ஓட்டிக் குறித்துவிட்டு, ஜாக்கெட்டைப் பின்னாளில் எப்படித் துவைப்பீர்களோ அதே மாதிரி துவையுங்கள். வாஷிங் மெஷின் என்றால் மெஷின், கை என்றால் கை. ரிப்பையும் துவைக்க வேண்டும். ஈரத் துணியைக் கொடியில் நீளமாகத் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே நீண்டுவிடும். சுருங்கியது மறைந்து, அளவு பொய்யாகிவிடும். இரண்டு மூன்று கொடிகளில் குறுக்கே பரப்பி, நிழலில் காயவிடுங்கள். கனமான ஃபிளீஸ் காய வெயில் காலத்தில் ஒரு நாள், மழைக்காலத்தில் மூன்று நாள்கூட ஆகும்.

அடர் நிறம் சாயம் விட்டால் தண்ணீர் தெளிகிற வரை அலசுங்கள். வினிகரும் கல் உப்பும் போட்டால் நிற்கும் என்பார்கள். சாயப்பட்டறையில் ஏறிய சாயத்தில் மிச்சம் இருப்பது அலசித்தான் போகும். அளந்து பார்த்து எட்டு சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் இன்னொரு தடவை துவையுங்கள்.

7. ஊசி, நூல், மெஷின்

நம் வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் 16ஆம் நம்பர் கூர் ஊசிதான் மாட்டியிருக்கும். அது பனியன் துணியின் வளையத்தை அறுத்துவிடும். தைக்கும்போது தெரியாது, இரண்டு துவைப்புக்குப் பின் தையல் ஓரத்தில் வரிசையாக ஓட்டை விழும். பால் பாயின்ட் ஊசி வாங்குங்கள். உறையில் 'ஜெர்சி' அல்லது 'ஸ்ட்ரெட்ச்' என்று இருக்கும். 280 ஜிஎஸ்எம்முக்கு 14ஆம் நம்பர், அதாவது 90. ஊசியின் தலை சில மெஷின்களுக்கு உருண்டை, சிலவற்றுக்கு ஒரு பக்கம் தட்டை. பழைய ஊசியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனால் குழப்பமில்லை.

நூல் பாலியெஸ்டர்தான். பருத்தி நூல் துணி இழுபடும்போது படபடவென்று அறும்.

ஜிக்ஜாக் மெஷின் இருந்தால் அகலம் அரை முதல் ஒரு மில்லிமீட்டர், நீளம் இரண்டரை மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்க்க நேர்த்தையல் போலவே இருக்கும், இழுத்தாலும் அறாது. நேர்த்தையல் மட்டுமே போடும் மெஷினா? இந்த ஜாக்கெட்டுக்கு அதுவும் போதும். தையல் நீளத்தை இரண்டு மில்லிமீட்டராகக் குறைத்து, மேல்நூல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் மிக லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குழிக்கு மட்டும் இரண்டு வரிசை போடுங்கள்.

ஓவர்லாக் கட்டாயமா என்று பலர் கேட்பார்கள். கட்டாயமில்லை. பனியன் துணி பிரியாது. உள்பக்கம் சுத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் தையற்கடையில் அடித்துக் கொடுப்பார்கள், ஆனால் இரண்டு எச்சரிக்கை. துணியை இழுத்துத் தள்ளும் பழைய ஓவர்லாக் மெஷின் ஓரத்தை அலை அலையாக்கிவிடும். உங்கள் துண்டுத் துணி ஒன்றில் முதலில் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அதன் கத்தி ஓரத்தை நறுக்கிக்கொண்டே போகும். நேர்த்தையல் போட்டு முடித்தபின் அடித்தால் அளவுக்கு ஆபத்தில்லை, வெட்டிய உடனே அடித்தால் உண்டு.

மிச்சத் துணியில் இரண்டு துண்டு, நீளவாக்கில் ஒன்றும் குறுக்குவாக்கில் ஒன்றும் தைத்துப் பார்க்காமல் ஜாக்கெட்டைத் தொடாதீர்கள். தையல் அலை அலையாக வந்தால் மெஷினின் அழுத்துப் பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள், அந்த வசதி இல்லாவிட்டால் அடியில் மெல்லிய வெள்ளைத்தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். தையல் இடையிடையே விட்டுப்போனால் முதலில் ஊசியைச் சந்தேகப்படுங்கள்.

8. வெட்டுவது

துணியை முந்தின இரவே தரையில் விரித்துவிடுங்கள். சுருட்டி வைத்ததில் ஏறிய இழுப்பு இறங்கும். மேசையில் வெட்டினால் ஓரத்தில் துணி தொங்கி நீண்டுவிடும். துடைத்த தரைதான் சிறந்த இடம்.

குழாய்த் துணியின் மடிப்பை நேர்க்கோடு என்று நம்ப வேண்டாம், பெரும்பாலும் திருகியிருக்கும். துணியின் முகப்பில் உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாகப் பின்னல் வரிகள் தெரியும். அதில் ஒரு வரியைப் பிடித்து வெட்டி விரியுங்கள். பேட்டர்னின் அம்புக்குறி அந்த வரிக்கு இணையாக நிற்க வேண்டும். குண்டூசி குத்தினால் துணி எழும்பும். பருப்பு டப்பாக்களைக் கனத்துக்கு வைத்து, சாக்கால் வரைந்து, தாளை எடுத்துவிட்டு வெட்டுங்கள். ஃபிளீஸ் என்றால் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

பொருத்துக் குறிகளுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெட்டாதீர்கள். இன்டர்லாக் துணியில் உள்பக்கம் வெளிப்பக்கம் தெரியாது. வெட்டிய உடனே ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் சாக்கில் ஒரு குறி போட்டுவிடுங்கள். இரண்டு இடக்கை வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

9. தைக்கும் வரிசை

தோளில் தொடங்குங்கள். ஜாக்கெட்டின் முழுக் கனமும் தொங்குவது அந்த இரண்டு தையலில். வெறுமனே தைத்தால் சில மாதத்தில் தோள் நீண்டு கை முழுக்க இறங்கிவிடும். துவைத்த மெல்லிய பருத்தி நாடாவைப் பின்பாகத் தோள் ஓரத்தில் வைத்துச் சேர்த்துத் தையுங்கள். பின்கழுத்து வளைவுக்கும் அதே. நாடாவின் நீளத்தைத் துணியில் அளக்காதீர்கள், அதற்குள் துணி இழுபட்டிருக்கும். காகிதப் பேட்டர்னில் அளந்து வெட்டி, அந்த நீளத்துக்குத் துணியை அடக்குங்கள். இந்த ஒரு நாடாவுக்கு ஆகும் பத்து ரூபாயை எக்காரணம் கொண்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பைகளை முன்பாகம் தனித் துண்டாக இருக்கும்போதே வைத்துவிடுங்கள். பை வாயின் இரண்டு முனையிலும் உள்ளே சின்னத் துண்டு ஃப்யூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டிவிட்டுத் தைத்தால் கை நுழைத்து நுழைத்துக் கிழியாது.

அடுத்து கை. பிளவுஸ் போல வட்டமாகச் சேர்க்க வேண்டாம். பக்கத் தையல் போடுமுன், தட்டையாக விரித்து வைத்தே கையைச் சேர்க்கலாம். இறங்கிய தோளில் சுருக்கம் வைக்கும் வேலை கிடையாது, இரண்டு ஓரமும் ஒரே நீளம்தான் இருக்க வேண்டும். கூடினால் துணி இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆவி இஸ்திரியைத் துணிக்கு மேலே படாமல் பிடித்தால் பெரும்பாலும் திரும்பி அடங்கும். அப்புறம் அடியிலிருந்து அக்குள் வழியாகக் கை நுனி வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். அக்குளில் நான்கு விரல் நீளத்துக்கு இன்னொரு வரிசை.

அடி ரிப்பைப் பட்டிக்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்பது பேட்டர்னுக்குப் பேட்டர்ன் மாறும். பட்டி அடி வரை ஓடும் மாடல் என்றால் ரிப் முதலில். அடிச் சுற்றளவில் 85 முதல் 90 சதவீதம் ரிப் வெட்டுங்கள். அதற்குக் குறைத்தால் ஜாக்கெட் பலூன் மாதிரி பொம்மி நிற்கும். கை ரிப்புக்கு 75 முதல் 80 சதவீதம். கை வாய் 28 சென்டிமீட்டர் என்றால் ரிப் 22, தையலுக்கு இரண்டு சேர்த்து 24. வெட்டுமுன் விரல்களைக் குவித்து உள்ளே நுழைத்துப் பார்த்துவிடுங்கள். ரிப்பையும் துணியையும் நான்கு சம பாகமாகக் குறித்து, குறியோடு குறி சேர்த்து, ரிப் மேலே இருக்கும்படி வைத்து, ரிப்பை மட்டும் இழுத்துத் தையுங்கள்.

பட்டிதான் கடினம். பெரும்பாலான வீட்டு ஜாக்கெட்டுகள் வீட்டில் தைத்தவை என்று காட்டிக்கொடுப்பதும் அதுதான். முன் ஓரம் நெளிந்து நிற்கும். பட்டித் துண்டைப் பின்னல் வரியின் நீளவாக்கில்தான் வெட்டியிருக்க வேண்டும். உள்ளே இழுபடக்கூடிய மெல்லிய ஃப்யூசிங் ஒட்டுங்கள். சட்டைக் காலருக்குப் போடும் விறைப்பான கேன்வாஸ் ஒட்டினால் ஜாக்கெட்டின் முன்பக்கம் அட்டை போல நிற்கும். ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பன்னிரண்டு விநாடி அழுத்தி எடுத்து எடுத்து வையுங்கள். ஆறிய பிறகே நகர்த்துங்கள்.

பட்டியின் நீளம் காகிதத்தில் உள்ளதுதான். முன்பாகம் கையாண்டதில் ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கும், அதற்காகப் பட்டியை நீட்டக் கூடாது. பின்கழுத்து நடு, இரண்டு தோள் தையல், இரண்டு அடி முனை ஆகியவற்றை முதலில் பொருத்துங்கள், இடையில் நெருக்கமாகக் கிளிப் போடுங்கள். ஜாக்கெட் அடியில், பட்டி மேலே. மெஷினின் பல் அடித் துணியைச் சற்று அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால் நீண்ட பக்கம் அதில் தானாக அடங்கிவிடும். பின்கழுத்து நடுவிலிருந்து கீழே ஒரு பக்கம், மறுபடி நடுவிலிருந்து கீழே மறு பக்கம் என்று தைத்தால் இரண்டு முன்பக்கமும் சமமாக வரும். பொறுமை இருந்தால் முதலில் கையால் ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும், பிரித்துத் தைப்பதைவிட எவ்வளவோ மேல்.

பட்டனுக்குப் பிரஸ் பட்டன் வைப்பதே நல்லது. பட்டன் துளை போட்டால் துணி இழுபட்டு வாய் பிளக்கும். பட்டன் அடித்துத் தரும் கடையில் கொடுத்தால் ஒரே நேரத்தில் வேலை முடியும். இடத்தை மட்டும் நீங்களே இரண்டு பக்கமும் குறித்துக் கொடுங்கள்.

10. செலவும் நேரமும்

கோவை, திருப்பூர்ப் பக்கம் நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன், ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். லூப் நிட் கிலோ சுமார் 500 ரூபாய், 1.25 கிலோவுக்கு 625. ரிப் கால் கிலோ 140. ஊசி ஒரு பாக்கெட் 100, நூல் 80, ஃப்யூசிங்கும் நாடாவும் 70, பிரஸ் பட்டன் அடிக்கும் கூலியோடு 100, அச்சு 100 முதல் 150. ஆக 1,250 ரூபாய்ப் பக்கம். பேட்டர்ன் தனி. இலவசமாகவும் நல்லவை கிடைக்கின்றன, விலைக்கு வாங்கினால் 1,000 முதல் 1,500 வரை போகும். கடை ஜாக்கெட்டைவிட மலிவு என்று கணக்குப் போட்டு இறங்க வேண்டாம், முதல் ஜாக்கெட்டில் அது தேறாது. இரண்டாவதிலிருந்து பேட்டர்னும் ஊசியும் கையில் இருப்பதால் கட்டுப்படியாகும்.

நேரத்தைப் பொறுத்தவரை, அச்செடுத்து ஒட்ட ஒரு மாலை, துவைத்துக் காய இரண்டு மூன்று நாள், வெட்ட அரை நாள், தைக்க இரண்டு வார இறுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளும் பையும் கையும் ஒரு வாரம், பட்டியும் ரிப்பும் அடுத்த வாரம். பட்டியை இரவு களைப்போடு உட்கார்ந்து தைக்காதீர்கள். பயணத்துக்காகத் தைப்பதாக இருந்தால் கிளம்பும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே துணி வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்; ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.